மணலுக்கடியில் ஆயிரத்தைந்நூறு வீடுகள்: கெல்லியா அகழாய்வு காட்டும் துறவு வாழ்க்கை

கி.பி. 324, ஜூன் மாதம். எகிப்தின் ஃபையூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊர். இசிதோரோஸ் என்ற விவசாயியின் வயலில் மாடு ஒன்று புகுந்து பயிரை நாசம் செய்துவிட்டது. மாட்டைப் பிடித்து ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தவரை அதன் சொந்தக்காரர்கள் வழிமறித்துத் தடியால் அடித்தார்கள். அந்த நேரத்தில் அங்கே வந்த அந்தோனினுஸ் என்ற திருத்தொண்டரும் ஈசாக் என்ற துறவியும் தடுத்ததால்தான் உயிர் பிழைத்ததாக இசிதோரோஸ் அதிகாரியிடம் மனு கொடுத்தார். பாப்பிரஸ் தாளில் எழுதிய அந்த மனு இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவத் துறவி ஒருவரைக் குறிப்பிடும் தேதியிட்ட ஆவணங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான்.

இந்த ஈசாக் குகைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் வழியில் நடமாடுகிறார், மாட்டுச் சண்டையை விலக்கிவிடுகிறார். நம் மனத்தில் பதிந்திருக்கும் பாலைவனத் துறவி வேறு மாதிரி ஆள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் வனத்து அந்தோணியார் என்றும் வனத்துச் சின்னப்பர் என்றும் வணங்கப்படும் இருவருமே எகிப்துப் பாலைவனத்தைச் சேர்ந்தவர்களாகச் சொல்லப்படுகிறவர்கள். அவர்களைப் பற்றிய கதைகளில் தனிமை, பசி, விழிப்பு, பேய்களோடு போராட்டம் இவைதாம் நிறைந்திருக்கும். அந்தோணியார் 356இல் இறந்தார். சில ஆண்டுகளுக்குள் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அவருடைய வரலாற்றை எழுதினார், அது ரோமப் பேரரசு முழுக்கப் பரவியது. பிறகு துறவிகளின் பொன்மொழித் தொகுப்புகள், பயணிகளின் குறிப்புகள் என்று ஒரு பெரிய இலக்கியமே உருவானது.

இந்த எழுத்துகளை எழுதியவர்கள் துறவிகளை நெஞ்சார மதித்தவர்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லத் தகுந்தது என்று பட்டதை மட்டும் சொன்னார்கள். கழிப்பறை எங்கே இருந்தது, அடுப்பை யார் மூட்டினார்கள், எண்ணெய் எந்த ஊரிலிருந்து வந்தது, கிழவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பக்கத்து அறையில் யார் படுத்திருந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அதையெல்லாம் தெரிந்துகொள்ள மண்ணைத்தான் தோண்ட வேண்டும். அப்படித் தோண்டிய இடங்களில் நைல் கழிமுகத்தின் மேற்கே இருந்த கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பு அளவுக்கு நமக்குக் கற்றுக்கொடுத்த இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கூட்டம் கூடிப்போன தனிமை

நைல் கழிமுகத்தின் மேற்கு விளிம்பில் நித்ரியா என்ற இடத்தில் 4ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமோன் என்பவர் துறவு வாழ்க்கையைத் தொடங்கினார். அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள், இன்னும் வந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் அங்கே தங்கியிருந்து துறவிகளைப் பற்றிப் பின்னர் எழுதிய பல்லாடியுஸ், நித்ரியாவில் ஐயாயிரம் பேர் இருந்ததாக எழுதுகிறார். பழங்காலத்துத் தலைக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவர் சொல்லும் மற்ற விவரங்கள் கூட்டத்தின் அளவைக் காட்டிவிடுகின்றன. ஏழு ரொட்டிக் கூடங்கள், மருத்துவர்கள், இனிப்புப் பண்டம் செய்கிறவர்கள், ஒரு விருந்தினர் விடுதி. விடுதிக்கு வருகிறவர் ஒரு வாரம் சும்மா இருக்கலாம், அதற்கு மேல் தங்கினால் தோட்டத்திலோ சமையலறையிலோ ரொட்டிக் கூடத்திலோ வேலை செய்ய வேண்டும்.

தனிமை தேடி வந்தவர்களுக்கு இது எப்படி ஒத்துவரும்? பொன்மொழித் தொகுப்பில் ஒரு கதை இருக்கிறது. அமோனைப் பார்க்க அந்தோணியார் வருகிறார். சகோதரர்கள் சிலர் தள்ளிப்போய் அமைதியாக வாழ விரும்புகிறார்கள், எவ்வளவு தூரம் போகலாம் என்று அமோன் கேட்கிறார். பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடந்து பார்ப்போம் என்கிறார் அந்தோணியார். சூரியன் மறையும்வரை இருவரும் பாலைவனத்துக்குள் நடக்கிறார்கள். நின்ற இடத்தில் செபித்துவிட்டுச் சிலுவை நடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம், ஒருவரையொருவர் பார்த்துவர இடைஞ்சல் இருக்காது என்பது கணக்கு. ஆகவே தனிமையின் தூரத்தை முடிவு செய்யும்போதே பார்த்துவருவதற்கான வசதியும் சேர்த்து யோசிக்கப்பட்டிருக்கிறது. இது நடந்தது 338இல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படி உருவான குடியிருப்புதான் கெல்லியா.

394, 395 வாக்கில் எகிப்துத் துறவிகளைப் பார்க்க வந்த பயணிகளின் வழியாக ஒரு வர்ணனை வந்திருக்கிறது. ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாத, குரல்கூடக் கேட்க முடியாத தூரத்தில் கெல்லியாவின் அறைகள் இருந்தன. சனி, ஞாயிறுகளில் மட்டும் எல்லோரும் கோயிலில் கூடுவார்கள். யாராவது வரவில்லையென்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று புரிந்துகொண்டு போய்ப் பார்ப்பார்கள். இந்த வர்ணனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அகழாய்வு காட்டும் கெல்லியா இதிலிருந்து வெகுவாக மாறியிருக்கிறது.

கெல்லியாவில் வாழ்ந்தவர்களில் புகழ்பெற்றவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோப்பிளில் பெரிய எதிர்காலத்தோடு இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எகிப்துக்கு வந்து 14 ஆண்டுகள் கெல்லியாவில் இருந்து 399இல் இறந்தார். கையெழுத்துப் படிகள் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். மனத்தில் எழும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தவர் அவர்தான், பிற்காலத்தின் ஏழு தலையான பாவங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே அலெக்சாந்திரியா ஆயர் தியோஃபிலுஸ், ஓரிகன் என்ற பழைய கிறிஸ்தவ அறிஞரின் இறையியலைப் பின்பற்றிய துறவிகளை அங்கிருந்து விரட்டினார். படித்தவர்கள் பலர் வெளியேறினார்கள். அதற்குப் பிறகு எழுத்துகளில் கெல்லியா மெல்ல மங்கிப்போகிறது. 451இல் கிறிஸ்துவின் இயல்பு பற்றி ஆயர்கள் கூடி முடிவெடுத்த கால்செதோன் சங்கத்தை ஒட்டிய பிளவுக்குப் பிறகு, அந்த முடிவை ஏற்றவர்கள், மறுத்தவர்கள் என்ற இரண்டு தரப்புக்கும் அங்கே தனித்தனிக் கோயில் இருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. இன்னும் சில குறிப்புகள் அங்குமிங்கும், அவ்வளவுதான். புத்தகங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கெல்லியாவின் காலம் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

1964

இடம் எங்கே என்பதே மறந்துபோயிருந்தது. எவாக்ரியுஸை வாழ்நாள் முழுக்கப் படித்த பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன், பழைய நூல்கள் சொல்லும் தூரங்களையும் திசைகளையும் கையில் வைத்துக்கொண்டு தேடி, 1964இல் அந்த இடத்தை அடையாளம் கண்டார். அலெக்சாந்திரியாவுக்கும் வாதி நட்ரூன் என்ற பாலைவனப் பள்ளத்தாக்குக்கும் இடையில், கழிமுகத்து வயல்கள் முடிந்து மணல் தொடங்கும் இடம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தாழ்வான மேடுகள். ஒன்று, இரண்டு அல்ல, 1,500க்கும் மேல், நூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் சிதறிக்கிடந்தன. ஒவ்வொரு மேடும் இடிந்து மணல் மூடிய ஒரு வளாகம்.

1965இலிருந்து இரண்டு குழுக்கள் வேலை செய்தன. கெய்ரோவில் உள்ள பிரெஞ்சு கீழைத் தொல்லியல் நிறுவனத்தின் சார்பில் ஃபிரான்சுவா தோமாவும் கியோமோனும் 219ஆம் எண் மேட்டை முழுமையாகத் தோண்டினார்கள். ஜெனீவா பல்கலைக்கழகத்தின் சார்பில் ரோதோல்ஃப் கஸ்ஸேர் தலைமையில் சுவிட்சர்லாந்துக் குழு வந்தது, அது இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தது. இவர்களுக்கு அவகாசம் இல்லை. பாலைவனத்தை விளைநிலமாக்கும் அரசுத் திட்டங்களின் கால்வாய்கள் ஏற்கெனவே நெருங்கி வந்துகொண்டிருந்தன. பின்னால் ரயில் பாதையும் அந்தப் பகுதியின் ஊடாக வந்தது. எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்க நேரமில்லாமல், எதைப் பதிவு செய்ய முடியுமோ அதைப் பதிவு செய்யும் வேலையாக அது மாறிப்போனது.

பச்சைச் செங்கல் கட்டடத்தைத் தோண்டுவது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுடாத மண் செங்கல், மேலே மண் பூச்சு அல்லது சுண்ணாம்புக் காரை. கூரை விழுந்ததும் அறை இடிபாட்டால் பாதி நிரம்பும், மீதியைக் காற்று மணலால் நிரப்பிவிடும். அப்படி நிரம்பியதுதான் சுவர்களைத் தாங்கிப் பிடித்து, பூச்சையும் ஓவியத்தையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. மேல்மணலைச் சுரண்டினாலே பல இடங்களில் சுவர்களின் கோடு தெரிந்துவிடும், தோண்டாமலே வீட்டின் படத்தை வரைந்துவிடலாம். ஆனால் மணலை அள்ளிய அன்றே ஆபத்தும் தொடங்கிவிடும். கெல்லியாவில் நிலத்தடி நீர் மிக அருகில், அதுவும் உப்பு நீர். திறந்துவிட்ட சுவரில் உப்பு பூத்து, பூச்சு உதிரத் தொடங்கும். அதே ஈரத்தால் பாப்பிரஸ், துணி, கயிறு, கூடை என்று மக்கக்கூடிய எதுவும் அங்கே ஏறத்தாழ மிஞ்சவில்லை. மிஞ்சியவை சுவர், சுவரில் எழுதியது, பானை.

ஒரு வீட்டுக்குள்

6, 7ஆம் நூற்றாண்டுகளின் கெல்லியா வளாகம் ஒன்றுக்குள் போய்ப் பார்ப்போம். செவ்வகமான சுற்றுச்சுவர், சுமார் 20, 25 மீட்டர் அகலம், 30 மீட்டருக்குக் குறையாத நீளம். உள்ளே பெரும்பகுதி திறந்த முற்றம். ஒரு பக்கம் கிணறு, அதை ஒட்டி நீர் பாய்ச்சிய சிறு தோட்டம். சுவரோரமாகக் கழிப்பறை. வீடு என்பது வளாகத்தின் ஒரு மூலையை ஒட்டிய அறைகளின் தொகுப்பு, மேலே மண் செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை.

அறைகளில் முக்கியமானது செப அறை. அதன் கிழக்குச் சுவரில் ஒரு மாடக்குழி. துறவி கிழக்கு நோக்கி நின்று செபிப்பார், ஆகவே அந்த மாடக்குழிக்குத்தான் எல்லா அலங்காரமும். சுற்றிலும் தூண்களும் வளைவும் வரைந்திருக்கும், நடுவில் மணிகள் பதித்ததுபோலத் தீட்டிய சிலுவை, அதிலிருந்து கொடியும் இலையும் கிளம்பும். மற்ற சுவர்களில் பறவைகள், செடிகள், சில இடங்களில் பாய்மரப் படகுகூட. செப அறையிலிருந்து கதவு வழியாக மூத்தவரின் படுக்கை அறைக்கும் சாமான் வைக்கும் அறைக்கும் போகலாம். கொஞ்சம் தள்ளி இன்னோர் அறை, அது சீடருடையது. அடுப்புகளோடு சமையலறை தனியாக. வந்தவர்களை உட்காரவைத்துப் பேச ஓர் அறை.

இந்த அமைப்பைப் பார்த்ததும் முதலில் உறைப்பது, இவர்கள் தனியாக இல்லை என்பதுதான். ஒரு மூத்தவர், ஒரு சீடர். பொன்மொழிக் கதைகளில் பாதி, ஓர் இளைஞர் வந்து ‘தந்தையே, எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்’ என்று கேட்பதாகத் தொடங்கும். அந்தச் சொல் பிறந்த வீட்டின் வடிவம் இது. சீடர் சமைத்தார், தண்ணீர் இறைத்தார், மூத்தவரைப் பார்த்துக்கொண்டார், காலப்போக்கில் அவரே மூத்தவரானார். தலைமுறை தலைமுறையாக அறைகள் சேர்ந்துகொண்டே போனதைச் சுவர்களின் ஒட்டுகளில் பார்க்க முடிகிறது. முதலில் இரண்டு பேருக்குக் கட்டியது, பிறகு அதே சுற்றுச்சுவருக்குள் இன்னொரு தொகுப்பு, பிறகு சுற்றுச்சுவரையே தள்ளிக் கட்டியது என்று. சில வளாகங்களில் பல பேர் தங்கியிருந்தார்கள். சில பகுதிகளில் வளாகங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன, குரல் கேட்காத தூரம் என்ற பழைய வர்ணனை அங்கே பொருந்தவே பொருந்தாது. கோயில்களும், ஆபத்து வந்தால் ஒதுங்கக் கோபுரமும் கொண்ட மையங்களும் இருந்தன.

இரண்டாவது விஷயம் பானைகள். மிஷெல் எக்லோஃப் கெல்லியாவின் மட்பாண்டங்களை வகைப்படுத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வு, எகிப்தின் அந்தக் காலத்து மேடுகளைத் தேதியிட இன்றும் கையில் எடுக்கப்படுகிறது. அந்த ஓடுகளில் அஸ்வானில் செய்த நல்ல தட்டுகள் இருக்கின்றன, இன்றைய துனிசியாவிலிருந்தும் சைப்ரஸிலிருந்தும் வந்த மேசைப் பாண்டங்கள் இருக்கின்றன, பாலஸ்தீனக் கரையிலிருந்து வந்த ஜாடிகளும் இருக்கின்றன. பாலைவனத்தின் நடுவில் இருந்த இந்த வீடுகளுக்கு மத்தியதரைக் கடலின் சந்தை எட்டியிருக்கிறது. அலெக்சாந்திரியா துறைமுகம் அவ்வளவு தொலைவில் இல்லை என்பதை நினைத்தால் இதில் பெரிய வியப்பும் இல்லை.

சரி, அப்படியென்றால் வறுமை, தவம் என்று எழுதியதெல்லாம் என்ன ஆயிற்று? கெல்லியாவின் ஓவியங்களையும் பாண்டங்களையும் பார்த்துவிட்டு ‘வசதியான துறவு’ என்று சொல்லிவிட ஆசை வரும். அது அவசர முடிவு என்றே நினைக்கிறேன். எவாக்ரியுஸ் காலத்துக்கும் இந்த வீடுகளுக்கும் இடையில் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டின் கட்டடங்கள் கெல்லியாவில் மிகக் குறைவாகவே கிடைத்தன. கிடைத்தவை சிறியவை, பாதி தரைக்குள் இறக்கிக் கட்டியவை, அலங்காரம் இல்லாதவை. எவாக்ரியுஸ் தினம் ஒரு ராத்தல் ரொட்டி சாப்பிட்டார், மூன்று மாதத்துக்கு ஒரு சிறு அளவு எண்ணெய் என்று பல்லாடியுஸ் சொல்வதை இந்தப் பிந்தைய அடுப்புகள் மறுக்கவில்லை. இன்னொன்று, மண் மலிவு. பெரிய வீடு என்றால் பணக்கார வீடு என்று நகரத்துக் கண்ணால் அளக்கக் கூடாது. பல தலைமுறை விட்டுச்சென்றதை அடுத்தவர் எடுத்துக்கொண்டு கூட்டிக் கட்டியிருக்கிறார். தனக்கென்று எதுவும் வேண்டாம் என்றவர்கள் செப மாடத்துக்கு மட்டும் வண்ணம் தாராளமாகச் செலவழித்ததில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

எவாக்ரியுஸ் எழுதிய ஒரு பகுதியை இந்த வீட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே உயிர்பெறுகின்றன. நண்பகல் பேய் என்று அவர் சொல்லும் மனச்சோர்வு, காலை பத்து மணி வாக்கில் துறவியைப் பிடிக்கும். சூரியன் நகராததுபோல இருக்கும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல இருக்கும். சன்னலையே பார்க்கவைக்கும். அறையைவிட்டு வெளியே வந்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்க்கவைக்கும். சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று இங்கும் அங்கும் எட்டிப்பார்க்கவைக்கும். அப்புறம், இந்த இடத்தின் மேலேயே வெறுப்பு வரும். வெயில் கொதிக்கும் முற்றத்தின் நான்கு சுவர்களுக்குள் ஒரு மனிதன் இருபது, முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்பது அந்த அளவுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுவர் பேசுகிறது

பாப்பிரஸ் மிஞ்சாத இடத்தில் சுவர் எழுத்துகள்தான் ஆவணம். கெல்லியாவின் காரைச் சுவர்களில் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில், பெரும்பாலும் வட எகிப்தின் பொகைரிக் வழக்கில், ஏராளமான எழுத்துகள் கிடைத்தன. இறந்துபோன சகோதரரின் பெயரும் நாளும், ‘எனக்காகச் செபியுங்கள்’ என்ற வேண்டுகோள், புனிதர் பெயர் வரிசை, விருந்தாளி விட்டுப்போன கையெழுத்து. அறையில் குடியேறிய அடுத்தவர் அதையெல்லாம் பார்த்தபடியே வாழ்ந்திருக்கிறார், பல இடங்களில் அதன்மேல் புதிய பூச்சுப் பூசித் தானும் எழுதியிருக்கிறார்.

அவற்றில் ஒன்று உலகக் கிறிஸ்தவ வரலாற்றுக்கே முக்கியமானது. கியோமோன் 1968இல் வெளியிட்டது, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இயேசுவின் பெயரை இடைவிடாமல் சொல்லிச் செபிக்கும் வழக்கம் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது கெல்லியாவின் ஓர் அறையில் ஒரு விவாதமாக எழுதப்பட்டிருக்கிறது. ‘ஆண்டவராகிய இயேசுவே’ என்று எப்போதும் கூவிக்கொண்டிருந்தால் நீ தந்தையிடமும் செபிக்கவில்லை, தூய ஆவியிடமும் செபிக்கவில்லையே என்று பேய்கள் துறவியைக் குழப்புகின்றன. இயேசுவைக் கூப்பிடுகிறவன் அவரோடு தந்தையையும் ஆவியையும் சேர்த்தே கூப்பிடுகிறான், மூவரையும் பிரிக்க முடியாது என்பது பதில். யாரோ ஒருவருக்கு இந்தச் சந்தேகம் உண்மையாகவே வந்திருக்கிறது. பதிலைச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அவரைப் படுத்தியிருக்கிறது.

இந்த எழுத்துகள், பானைகள், கட்டடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் காலவரிசைதான் அகழாய்வின் மிகப் பெரிய கொடை. கெல்லியா 5ஆம் நூற்றாண்டில் அடங்கிப்போகவில்லை. 6ஆம் நூற்றாண்டிலும் 7ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும்தான் அது உச்சத்தில் இருந்தது. 640களில் அரபுப் படை எகிப்தைப் பிடித்த உடனேயும் அது அழிந்துவிடவில்லை, நாம் மேலே பார்த்த சுவர் எழுத்தே அதற்குச் சாட்சி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவரை விலக்குப் பெற்றிருந்த துறவிகள்மீதும் தலைவரி விதிக்கப்பட்டது, ஆளுக்கு ஒரு தினார். சிறிய, தனித்தனி வீடுகளாக இருந்த குடியிருப்புக்கு அது பாரமான சுமை. அந்த நூற்றாண்டில் வீடு வீடாகக் காலியாகி, 9ஆம் நூற்றாண்டில் கெல்லியா ஏறத்தாழ வெறிச்சோடிவிட்டது. வாதி நட்ரூனில் மதில் எழுப்பிச் சேர்ந்து வாழ்ந்த மடங்களில் நான்கு இன்றும் நடக்கின்றன.

குப்பையென்று அள்ளிக் கொட்டியவை

கெல்லியாவைக் கிடைத்த அவகாசத்தில் அக்கறையோடு பதிவு செய்தார்கள். எகிப்தின் பல துறவு மடங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

லக்சருக்கு எதிர்க்கரையில் அரசி ஹத்ஷெப்சுத்தின் கோயில் இருக்கும் இடத்துக்குத் தேர் எல் பஹ்ரி, அதாவது வடக்கு மடம், என்று பெயர். ஆயர் ஆபிரகாம் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நிறுவிய புனித ஃபொய்பம்மோன் மடத்தின் நினைவு அது. கோயில் மேடையின்மேல் பச்சைச் செங்கல்லால் கட்டிய அந்த மடத்தின் கோபுரம் 19ஆம் நூற்றாண்டுவரை நின்றது. 1893இல் தொடங்கிய எதுவார் நவீலின் அகழாய்வு பாரோ காலத்துக் கோயிலை வெளியே கொண்டுவருவதற்காக மடத்தை ஏறத்தாழ முழுவதும் அப்புறப்படுத்தியது. சரியான வரைபடம் இல்லை. போலந்து ஆய்வாளர் விலோட்ஜிமியெர்ஸ் கொத்லெவ்ஸ்கி பின்னாளில் பழைய புகைப்படங்களையும் மிச்சங்களையும் வைத்து மடத்தின் அமைப்பை மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இதில் என்னை வருத்துவது ஒன்று உண்டு. அந்த மடத்தின் ஆவணங்கள் பிழைத்திருக்கின்றன. ஆபிரகாமின் உயில் லண்டனில் இருக்கிறது, அவருடைய ஓவியம் பெர்லினில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பெற்றோர் தங்கள் குழந்தைகளை மடத்துக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் இருபதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பிள்ளைக்கு நோய் வந்தது, குணமானால் மடத்துக்கே கொடுத்துவிடுகிறோம் என்று வேண்டிக்கொண்டோம், குணமானது, ஆகவே கொடுக்கிறோம் என்ற பாணியில் அவை போகின்றன. அந்தக் குழந்தைகள் எங்கே படுத்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், நோயாளிகளை எங்கே கிடத்தினார்கள் என்று கேட்கக்கூடிய கட்டடம் இப்போது இல்லை. பத்திரமும் கட்டடமும் ஒரே இடத்தில் கிடைப்பது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இது எத்தகைய இழப்பு என்பது புரியும்.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. சக்காராவில் ‘அப்பா’ என்று மரியாதையாக அழைக்கப்பட்ட எரேமியாவின் மடத்தைக் குவிபெல் 1906இலிருந்து தோண்டி, செதுக்கிய தூண் தலைகளையும் ஓவியங்களையும் கெய்ரோவில் காப்பாற்றி வைத்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக வின்லாக் 1912இலிருந்து லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள தீபஸ் மலைச்சரிவில் எபிஃபானியுஸ் மடத்தைத் தோண்டினார். பழைய கல்லறைகளுக்குள் துறவிகள் அமைத்த தறிக் குழிகள், கயிறு, கூடை, பானை ஓட்டில் மையால் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் பதிவு செய்த விதம் இன்றும் பயன்படுகிறது.

அதே மலைச்சரிவில் பெல்ஜியக் குழு ஒன்று அண்மைக் காலத்தில் அமெனெமோப்பே என்ற பாரோ காலத்து அதிகாரியின் கல்லறையைச் சுத்தம் செய்தபோது, 8ஆம் நூற்றாண்டில் அதற்குள் குடியிருந்த ஃப்ராங்கே என்ற துறவி பானை ஓடுகளில் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. அவர் நெசவு செய்தார், புத்தகங்களுக்குக் கட்டு போட்டார், நூல் அனுப்பு, ஏலக்காய் அனுப்பு என்று ஊருக்கு எழுதினார், ஓயாமல் எழுதினார். தனிமையில் இருந்த ஒருவருக்கு இவ்வளவு கடிதத் தொடர்பா என்று தோன்றும். நவீல் காலத்துக் குழு அந்தக் கல்லறையைச் சுத்தம் செய்திருந்தால் இந்த ஓடுகளின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கெல்லியாவை அழித்தது தொல்லியல் அல்ல, பயிர். எகிப்தில் மக்கள் வாழக்கூடிய நிலத்தில் பெரும்பகுதி ஆற்றோரத்துக் கீற்றும் கழிமுகமும்தான். பாலைவனத்தில் பயிரேற்றும் அரசைக் குறை சொல்வது எளிது, சோறு வேண்டும் என்பவரிடம் அதைச் சொல்வது கடினம். ஆனால் விளைவு இதுதான்: கியோமோன் பார்த்த 1,500 மேடுகளில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. சில உழவுக்கடியில், சில பாதைக்கடியில். நமக்கு இருப்பது வரைபடங்கள், புகைப்படங்கள், அருங்காட்சியகங்களுக்குப் போன சுவர்த் துண்டுகள்.

இன்னும் தோண்டப்படுவன

தொடக்கக் காலத் துறவின் கட்டடங்களைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்? அந்தோணியாரே முதலில் ஒரு கல்லறைக்குள்ளும், பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைவிடப்பட்ட ஒரு கோட்டைக்குள்ளும் இருந்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. யாரோ கட்டிவிட்டுப் போன இடத்தில் ஒருவர் உட்கார்ந்து செபித்தால் மண்ணில் என்ன தடயம் மிஞ்சும்? துறவிகள் தமக்கென்று கட்டத் தொடங்கிய பிறகுதான் தொல்லியலுக்கு வேலை. அந்தத் தொடக்கத்துக்கு அருகில் நம்மைக் கொண்டுபோகும் இடம் ஒன்று 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பஹரியா சோலையில் தெல் கனூப் கசர் அல் அகூஸ் என்ற இடத்தில் விக்டர் கிகா தலைமையிலான பிரெஞ்சு, நார்வே கூட்டுக் குழு, பாறையில் குடைந்தும் கல்லாலும் மண் செங்கல்லாலும் கட்டியும் அமைத்த கோயில்களையும் துறவியர் அறைகளையும் கண்டது. சுவர்களில் கிரேக்கத்தில் விவிலிய வசனங்கள். 4 முதல் 8ஆம் நூற்றாண்டுவரை மக்கள் அங்கே இருந்தார்கள், 5, 6ஆம் நூற்றாண்டுகளில் அதிகம். அலெக்சாந்திரியாவிலிருந்து வெகு தொலைவில், மேற்குப் பாலைவனத்தின் நடுவில், இவ்வளவு முற்காலத்திலேயே ஒழுங்கான துறவியர் குடியிருப்பு இருந்திருக்கிறது என்பது, வடக்கே உள்ள கீழ் எகிப்தைப் பெரிதும் மையமாகக் காட்டும் பழைய எழுத்துகளுக்கு வெளியே இருந்து வரும் செய்தி.

இவ்வளவு நேரம் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய நூல்கள் பெண் துறவிகளைப் பற்றிக் குறைவாகவே சொல்கின்றன, கெல்லியாவின் வீடுகளும் ஆண்களுடையவை. தெற்கே, மேல் எகிப்தில் சோகாகுக்கு அருகே நிலைமை வேறு. அங்கே வெள்ளை மடத்தின் தலைவராக இருந்த ஷெனூத்தே தம் ஆளுகைக்குட்பட்ட பெண்கள் மடத்துக்கு எழுதிய கடிதங்கள் காப்டிக் மொழியில் இருக்கின்றன. கடுமையான கடிதங்கள் அவை, தண்டனைகளும் தகராறுகளும் நிறைந்தவை. பெண்கள் எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள் என்பது அவற்றிலேயே தெரிகிறது, ஆனால் அவர்கள் பக்கத்துப் பேச்சு நம்மிடம் இல்லை. அந்தப் பெண்கள் வாழ்ந்தது பக்கத்தில் உள்ள அத்ரிபிஸில், ஒரு காலத்தில் ரெபித் தேவியின் கோயிலாக இருந்த கட்டடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும். எகிப்திய, ஜெர்மானியக் குழுக்கள் அந்த இடத்தைத் தோண்டியிருக்கின்றன. அவர்கள் புழங்கிய அறைகளும் நடந்த வழிகளும் இப்போது வரைபடத்தில் ஏறத் தொடங்கியிருக்கின்றன. ஷெனூத்தேயின் கடிதங்களை அந்த வரைபடத்தோடு சேர்த்துவைத்துப் படிக்கும் வேலையை ஆய்வாளர்கள் தொடங்கிவிட்டார்கள்.